ஹாம்பர்க்கில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஜெர்மன் மொழியில் பி2 நிலை முடித்து, அடுத்த நிலையான சி1 வகுப்பிலும் சேர்ந்துவிட்டாய் என்று அண்ணன் சொன்னான். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து தூங்காமல் ஜெர்மன் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாயாம். ஆஸ்பத்திரி வேலைக்கு பி2 போதும், அதோடு நிறுத்தியிருக்கலாம், நீ நிறுத்தவில்லை. முப்பது வயதுக்கு மேல் ஒரு மொழியை அடியிலிருந்து பிடிப்பது லேசான காரியமா? சர்ச் வாசலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வேளைக்குச் சாப்பிடு, தூங்கு.

இங்கே மழை விடவில்லை. அண்ணன் படகுக்குத் தார் பூசுகிறான், ஜூலை 16 மக்தாரா தீவுத் திருவிழாவுக்குள் தண்ணீரில் இறக்கிவிடுவான். மற்ற சேதியெல்லாம் அப்புறம்.

நம் தாய்மொழி ஐரிஷில் ஒரு சொல்லைத் தேடினால் ஜெர்மன் சொல் முந்திக்கொண்டு வருகிறது, பயமாக இருக்கிறது என்று போனில் சொன்னாயே, அது மனதை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பயப்படாதே. தொழுவத்துக்குப் புதிதாக வந்த மாடு கொஞ்ச நாள் முட்டிக்கொண்டுதான் இருக்கும், பிறகு அதது அதனதன் இடத்தில் நிற்கும். ஜெர்மன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஐரிஷ் இருந்ததால்தான் அது உனக்கு இவ்வளவு சீக்கிரம் வந்தது. தொண்டையிலிருந்து வரும் அந்த ஒலிக்கு வகுப்பில் மற்றவர்கள் திணறியபோது உனக்கு முதல் நாளே வந்துவிட்டதாகச் சொன்னாய். வராமல் என்ன, ஏரிக்கான ஐரிஷ் சொல்லையே அந்த ஒலியில் முடித்துச் சொல்லி வளர்ந்த வாய்தானே. பெயர்ச்சொல் வேற்றுமைக்குத் தகுந்தாற்போல் உருமாறுவதும் உனக்குப் புதிதில்லை. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுவதுதான் கஷ்டம் என்றாய். சரி, ஐரிஷில் வினைச்சொல்லை வைத்துத்தான் நாம் வாயையே திறப்போம், அதனால் அது பழக நாளாகும்.

உன் ஹாம்பர்க்கில் 1858இல் பிறந்தவர்தான் குனோ மேயர். எங்கேயோ பிறந்த மனிதர், பழைய ஐரிஷை ஊன்றிப் படித்து, ஏடுகளில் கிடந்த பாட்டையும் கதையையும் பதிப்பித்து, 1903இல் டப்ளினில் ஐரிஷ் கற்பதற்கென்றே ஒரு பள்ளியையும் தொடங்கினார். அவர் அதற்காக ஜெர்மனை விட்டுவிடவில்லை. ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

உன் ஐரிஷின் இடத்தைப் பிடிப்பது இங்கிலீஷ். வார்டில் ஜெர்மன், அறைத்தோழிகளோடு இங்கிலீஷ், வீட்டுக்குச் செய்தி அனுப்பும்போதும் இங்கிலீஷ். அப்புறம் ஐரிஷ் எங்கே இருக்கும்? என் பிறந்தநாள் வாழ்த்தைக்கூட நீ இங்கிலீஷில்தான் அனுப்பினாய். ஐரிஷ் எழுத்துக்கு மேலே நீட்டல் குறி போட நேரமில்லை என்றால் போடாதே, குறி இல்லாமலே எனக்குப் புரியும். காஸ்லாவிலிருந்து வரும் ஐரிஷ் வானொலி ரேடியோ நா கேல்தாக்தா 1972இலிருந்து நம் வீட்டில் ஓடுகிறது, இப்போது இணையத்தில் அங்கேயும் கேட்கலாம். சமைக்கும்போது போட்டுவிடு. இறப்புச் செய்தி வாசிக்கும்போது எந்த வீடு என்று யோசி. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்காதே, அவர்களோடு சத்தமாகப் பேசு. மருந்தை எண்ணும்போது மனதுக்குள் ஐரிஷில் எண்ணு. ஆனால் சத்தமாகப் பேசு, அதுதான் முக்கியம்.

அயர்லாந்தின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுகிறவர்கள் 71,968 பேர்தான். கணக்கெடுத்த ஏப்ரல் 3 ராத்திரி நீ ஊரில் இல்லாததால் உன்னை அந்தத் தாளில் எழுத முடியவில்லை. எழுத முடிந்திருந்தால் தினமும் என்ற கட்டத்தில்தான் குறித்திருப்பேன்.

சரி, எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும். உன் பாட்டி மாமோவுக்கு இங்கிலீஷ் மறந்துபோய்க்கொண்டிருக்கிறது. நீ நர்ஸ், உனக்குத் தெரியும், வயதானவர்களுக்குப் பிற்பாடு கற்றது முதலில் நழுவும். போன மாதம் ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள். தண்ணீர் வேண்டும் என்று ஐரிஷில் கேட்டிருக்கிறாள், அங்கே யாருக்கும் புரியவில்லை. காலையில் நான் போனபோது உதடு காய்ந்து கிடந்தது. உன்னிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் நீ அவளோடு இங்கிலீஷில் பேசினாய். நல்ல மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள். அந்தப் பெண் யார், நம்மிடம் என்ன வேண்டுமாம் என்று கேட்டாள்.

களைப்பில் எது வாயில் வருகிறதோ அதைத்தான் பேசுவோம், எனக்குத் தெரியாதா. ஆனால் அவளோடு மட்டும் அப்படி வேண்டாம், மகளே. அவளுக்குத் தாலாட்டு மறக்கவில்லை, உன் சின்ன வயதுக் குறும்பு மறக்கவில்லை, எல்லாம் ஐரிஷில் அப்படியே இருக்கிறது.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் கூப்பிடு, எனக்குப் பன்னிரண்டரை, உனக்கு ஒன்றரை. போனை அவள் வலது காதில் வைத்துப் பிடிக்கிறேன், அவளுக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை. எடுத்ததும் நம் ஊர் வழக்கப்படி உன் பெயர், என் பெயர், தாத்தா பெயர் என்று வரிசையாகச் சொல், யார் என்று உடனே பிடித்துக்கொள்வாள். சொல் வராத இடத்தில் ஜெர்மன் சொல்லைப் போட்டுவிட்டு மேலே போய்க்கொண்டே இரு, நிறுத்தாதே. நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

அப்பா