மூன்று சீட்டு, ஒரே மருந்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாள்பட்ட வலியோடு வாழ்பவர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவசியமான கட்டுரை. ஆனால், மருந்துக் கடையில் நின்று தினமும் சீட்டு பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று விடுபட்டதாகத் தோன்றியது. ஒரே ஆள் இரண்டு மூன்று மருத்துவர்களிடம் வலி மாத்திரை வாங்குவதும், ஒருவர் கொடுத்ததை இன்னொருவரிடம் சொல்லாமல் விடுவதும்தான் அது.

இப்படிச் சொன்னதுமே "போதைக்காக அலைகிறவர்" என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படியும் சிலர் உண்டுதான். நான் பார்க்கிறவர்களில் பெரும்பாலானோர் அப்படி இல்லை. மூட்டு வலிக்கு எலும்பு மருத்துவர், பல் பிடுங்க பல் மருத்துவர், சளி காய்ச்சலுக்கு வழக்கமான மருத்துவர் என்று போகிறார்கள். ஆளுக்கொரு மாத்திரை எழுதித் தருகிறார்கள். பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு, உள்ளே இருக்கும் மருந்து மட்டும் ஒன்று.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 கிராம். கல்லீரல் பாதிப்போ குடிப்பழக்கமோ இருந்தால் அதைவிடக் குறைவு. ஒரு மருத்துவரின் சீட்டில் 650 மில்லிகிராம் மாத்திரை நான்கு வேளை. இன்னொருவர் சீட்டில் டிரமடால் என்ற வலி மருந்தோடு 325 மில்லிகிராம் பாராசிட்டமால் கலந்த மாத்திரை, அதுவும் நான்கு வேளை. அப்புறம், 500 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ள சளி மாத்திரை மூன்று வேளை. ஒவ்வொரு சீட்டிலும் தனியாகத் தவறு எதுவும் இல்லை. மூன்றையும் கூட்டினால் 5.4 கிராம் ஆகிறது. கல்லீரல் கெடும்போது உடனே அடையாளமும் தெரியாது. முதல் நாள் லேசான குமட்டல் இருக்கலாம், அதுகூட இல்லாமலும் போகலாம். அதனால் அளவு மீறியது தெரிந்தால் "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று காத்திருக்கவே கூடாது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரைகள் இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே போவதும் இதே கதைதான். வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், சிறுநீரகம் அடிபடலாம். கூடவே போடும் கேஸ் மாத்திரை சிறுநீரகத்தைக் காப்பாற்றாது.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது மார்ஃபின், கோடீன், டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபினி வகை) வலி மருந்துகளும், வேறொரு மருத்துவர் தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ எழுதிய அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவையும் ஒரே உடம்பில் சந்திப்பது. இரண்டுமே மூச்சை மந்தப்படுத்தும். சேரும்போது தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016ல் இந்தச் சேர்க்கைக்குத் தன்னிடம் உள்ளதிலேயே கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது.

சரி, இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் மறைக்கிறார்கள்? பயம்தான் காரணம். மனநல மருந்து சாப்பிடுவது தெரிந்தால் "எல்லாம் மனசுதான்" என்று வலியையே நம்ப மாட்டார்களோ என்று ஒருவருக்குப் பயம். முன்பு போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவருக்கு, அது தெரிந்தால் அறுவை சிகிச்சைக்குப் பிறகுகூட வலி மருந்து தர மாட்டார்களோ என்று பயம். எச்.ஐ.வி. மருந்து எடுப்பவரின் பயத்தைச் சொல்லவே வேண்டாம். ஆனால் எச்.ஐ.வி. மருந்துக் கூட்டுகள் சிலவற்றில், வேறு சில மருந்துகளை உடம்பில் தேங்க வைக்கும் ரிட்டோனவிர் இருக்கிறது. அது தெரியாமல் ஒற்றைத் தலைவலிக்கு எர்கோட்டமைன் எழுதிவிட்டால், ரத்தக் குழாய்கள் சுருங்கி விரல்களை இழக்கும் நிலைகூட வரலாம்.

இவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வரிசையில் பலர் நிற்கும்போது "இது மனநோய் மாத்திரைதானே?" என்று உரக்கக் கேட்ட ஊழியரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த கடையில் அந்தச் சீட்டை எடுத்துக் காட்டியிருப்பாரா?

எல்லாச் சீட்டையும் கணினியில் ஒரே இடத்தில் பதிந்துவிட்டால் போதும் என்கிறார்கள். அமெரிக்காவில் ஓபியாய்டு போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு மாநிலந்தோறும் அப்படிப் பதிவேடு இருக்கிறது. ஒரே மருந்து இரண்டு இடத்தில் வாங்கப்படுவது அதில் தெரிந்துவிடும், உண்மைதான். ஆனால் அதை யார் யார் பார்க்கலாம்? ஒரேகான் மாநிலத்தில் இதற்காக வழக்கே நடந்தது. அமெரிக்க மத்திய அரசின் போதைத் தடுப்புத் துறை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அந்தப் பதிவைக் கேட்கக் கூடாது என்று 2014ல் தீர்ப்பு வந்தது. 2017ல் மேல்முறையீட்டில் அது மாறிவிட்டது. காவல்துறையும் பார்க்கலாம் என்று தெரிந்த பிறகு, பயப்படுகிற நோயாளி வலிக்கு மருத்துவரிடமே போகாமல் இருந்துவிடுவார். என்னைக் கேட்டால், பார்க்கும் உரிமை யாருக்கு என்பதைச் சட்டத்தில் எழுதிவிட்டுத்தான் பதிவேட்டைத் திறக்க வேண்டும்.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்னொருவரின் சீட்டைக் கண்டதும் கோபப்பட்டு எல்லா மருந்தையும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். ஓபியாய்டைத் திடீரென நிறுத்தினால் கடும் அவதி, தற்கொலை எண்ணம் வரை வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2019ல் எச்சரித்தது. "வேறு யார் என்ன கொடுத்தார்கள்?" என்று கதவைச் சாத்திவிட்டு, உடன் வந்தவரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள், சொல்வார்கள்.

வாசகர்களும் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரை அல்ல, அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை மட்டும் நீட்டினால் போதும். கடையிலும் "கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்" என்று தாராளமாகக் கேட்கலாம். ஒதுங்கி வந்து காது கொடுப்பது எங்கள் வேலைதான்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்