இருப்பு 78.4

மதுரை
1.7.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டதும் வழக்கம்போல "எவ்வளவும்மா?" என்று கேட்டாய். 76 என்றேன். பொய். இன்று காலை எடை மெஷினில் ஏறி நின்றேன், 78.4 கிலோ. பொங்கல் வாரத்தில் 79 என்றேனே, அதுவும் பொய். அன்றைக்கு 80.9. நீ வாங்கி அனுப்பிய மெஷின் போனோடு சேர மாட்டேன் என்கிறது, ஆப்பில் கோளாறு என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் இல்லையா? ஆப்பில் ஒரு கோளாறும் கிடையாது. நான்தான் புளூடூத்தை அணைத்து வைத்தேன். எப்படி அணைப்பது என்று கீழ்வீட்டுப் பையனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பொங்கல் சமயத்தில் ஒரு மாதம் முழுக்க நடந்தும் 200 கிராம்தான் குறைந்திருந்தது. நீ மஸ்கட்டில் வேலை, பிள்ளை, வீடு என்று அல்லாடிவிட்டு, கிடைக்கிற லீவு நாளில் ஆசையாகக் கேட்கிறாய். ஒரு நல்ல சேதி சொல்வோமே என்று 79 என்றுவிட்டேன். நீ அதைக் குடும்பக் குரூப்பில் போட்டாய். சின்ன அத்தை எட்டுக் கைதட்டல் போட்டு, "மதினி, என்ன சாப்பிடுறீங்கன்னு எனக்கும் சொல்லுங்க" என்றாள். அப்புறம் எப்படித் திரும்புவது? அடுத்த வாரம் 78.7, அதற்கடுத்து 78.5 என்று நானே கணக்குப் போட்டு இறக்கிக்கொண்டே வந்தேன்.

இதில் எனக்கு எது பொறுக்கவில்லை தெரியுமா? 36 வருஷம் இருப்புப் பதிவேடு எழுதியவள் நான். எம்.ஜி.ஆர் 1982-ல் சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்தார், இரண்டு வருஷம் கழித்து நான் அமைப்பாளராகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நேற்றைய இருப்பு, இன்று வந்த பிள்ளைகள், எடுத்த அரிசி, மீதி இருப்பு என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் தணிக்கைக்கு வருவார்கள், மூட்டைகளைத் தராசில் ஏற்றிப் பார்ப்பார்கள். ஒரு நாளும் எனக்கு நெஞ்சு படபடத்ததில்லை. அப்படிப்பட்டவள் சொந்த மகளிடம் பொய் இருப்புச் சொல்லியிருக்கிறேன். திருத்தி எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

சரி, உண்மைக் கணக்குக்கு வருகிறேன். போன வருஷம் பிப்ரவரியில் முட்டி வலிக்காகப் போனபோது 86.2. உயரம் 155 சென்டிமீட்டர்தானே, அதற்கு இது ரொம்பவே அதிகம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. டாக்டர், "ஒரு எட்டுக் கிலோ குறைச்சிட்டு வாங்கம்மா, ஆபரேஷனைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். முதல் மாதமே 2.6 கிலோ இறங்கியது. நான் குதிக்காத குறை. இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்கு உன் கல்யாணப் புடவை ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்று கனவு வேறு. டயட்டீஷியன் பெண்தான் அடக்கினாள். சோற்றைச் சட்டென்று குறைத்தால் உடம்பு சேர்த்து வைத்த மாவுச்சத்து கரையும், அதோடு அது பிடித்து வைத்திருந்த தண்ணீரும் வெளியேறும், இனிமேல்தான் கொழுப்பு, அது மெதுவாகத்தான் போகும் என்றாள். அவள் சொன்ன மாதிரியே ஆடியில் 81-க்கு வந்து நின்ற முள் ஐப்பசிவரை அங்கேயே நின்றது.

17 மாதத்தில் 7.8 கிலோ. மாதத்துக்கு அரைக் கிலோகூட வரவில்லை. ஒரு நாளைக்கு வகுத்தால் 15 கிராம். ஒரு பிள்ளையின் சாம்பாரில் நாங்கள் போட்ட பருப்பு அவ்வளவுதான் இருக்கும். இப்படி எழுதினால் வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அதையே சேர்த்துப் பார்த்தால் பாதி எண்ணெய் டின். 15 கிலோ டின்னில் பாதியை நான் ஒருநாளும் தனியாகத் தூக்கியதில்லை, ஆயாவைக் கூப்பிடுவேன். அதை இத்தனை வருஷம் இந்த முட்டியின் மேல் வைத்துச் சுமந்திருக்கிறேன். பிசியோ தம்பி இன்னொன்றும் சொன்னார்: ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் ஏறுகிற பாரம் நாலு கிலோ குறையுமாம். 31 கிலோ என்று மனசுக்குள் பெருக்கிக்கொண்டே பஸ் ஸ்டாப் வரை வந்தேன்.

நீ அனுப்பிய பட்டியலைப் பற்றிக் கோபித்துக்கொள்ளாதே. ஓட்ஸ் எனக்கு இறங்கவில்லை, அவகேடோவை அப்பா சோப்புக்கட்டி என்கிறார். சிறுதானியம் இளைக்க வைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி தினமும் இரண்டு சொம்பு கம்பங்கூழ் குடித்தேன். கிராமுக்குக் கிராம் பார்த்தால் கம்பிலும் அரிசி அளவுக்குக் கலோரி இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. கம்பு நல்லதுதான், இரண்டு சொம்புதான் தப்பு.

எனக்குப் பிடிபட்டது என் பழைய தொழிலில் இருந்துதான் வந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று அளந்து போட்ட கை இது. என் தட்டை ஒருநாளும் அளந்ததில்லை. ஒரு மத்தியானம் சோற்றைத் தட்டில் போட்டு அடுக்களைத் தராசில் வைத்தேன். 560 கிராம். 100 கிராம் அரிசி வெந்தால் 280 கிராம் சோறு வரும் என்று வைத்துக்கொள். இரண்டு பிள்ளைகளின் சாப்பாட்டை ஒரே வேளையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது போக, மீந்தது. சோற்றைக் கொட்ட எனக்கு மனசு வராது, உனக்குத்தான் தெரியுமே. தட்டைத் துடைத்து நக்கும் பிள்ளைகளைப் பார்த்தவளுக்கு எப்படி வரும்? அதனால் அப்பாவின் தட்டில் மிச்சம், சட்டியில் ஒட்டியது எல்லாம் என் வயிற்றுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. வாயைக் கட்டு என்று எத்தனை பேர் சொன்னாலும் நடக்கவில்லை. இப்போது உலையில் போடும்போதே அளந்து போடுகிறேன். மீந்தால்தானே?

முட்டைக் கதையும் அப்படித்தான். இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு வாரம் ஒன்று, கடைசியில் வாரம் ஐந்து என்று பிள்ளைகளுக்கு எண்ணி எண்ணி அவித்தேன். வீட்டில் எனக்கென்று ஒன்று அவித்ததில்லை. இந்த வயதில் பட்டினி கிடந்தால் கொழுப்போடு சதையும் சேர்ந்து கரையும், சதை போனால் எழுந்து நிற்கக்கூட ஆள் வேண்டும் என்று டயட்டீஷியன் பயமுறுத்தினாள். பயமுறுத்தல் இல்லை, நான் கண்ணால் பார்த்தேன். என்னோடு வேலை பார்த்த சமையலர் அக்கா ஒருவர் இரண்டு மாதம் வெறும் ஜூஸிலேயே இருந்து 9 கிலோ குறைத்தார். முகம் ஒட்டிப்போய், தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அரை வருஷத்தில் எடை திரும்ப வந்துவிட்டது, தெம்பு வரவில்லை. நான் இப்போது தினம் இரண்டு முட்டை, செவ்வாய் வெள்ளியில் மட்டும் சுண்டல், இரவில் கட்டாயம் பருப்போ தயிரோ. ஒரு முட்டையில் புரதம் 6 கிராம்தான், எனக்கு நாளைக்கு 60 கிராமாவது வேண்டுமாம். இன்னும் பற்றாக்குறை பட்ஜெட்தான்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. எனக்குத் துணையாக வருகிறேன் என்று இரண்டு மாதம் நடந்தார், டீயில் சர்க்கரையை விட்டார், அவ்வளவுதான். மூன்று கிலோ குறைந்துவிட்டது. அதையும் பருத்திப்பால் குடித்துக்கொண்டே சொல்கிறார். அன்று ராத்திரி நான் அவரோடு பேசவில்லை.

நடப்பது தெப்பக்குளத்தில்தான். முதல் நாள் ஒரு கரைகூட முழுசாக முடியவில்லை, பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஒரு கரை சுமார் 300 மீட்டர்தான். நாலு கரையும் நடக்க எனக்கு நாலு மாதம் ஆனது. மீனாட்சியே வருஷத்தில் ஒரு நாள்தான் இந்தக் குளத்தைச் சுற்றுகிறாள், அதுவும் தெப்பத்தில் உட்கார்ந்துகொண்டு, வடம் பிடிக்க ஆள் வைத்து. எனக்கு என்ன அவசரம் என்று தேற்றிக்கொண்டேன். இப்போது காலையில் இரண்டு சுற்று. விடிகிற நேரத்தில் நடு மண்டபம் தண்ணீரில் தலைகீழாக நிற்பதைப் பார்க்கவேண்டும், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது குளம் வற்றிக் கிடக்கும், அங்கே பெரும்பாலும் கிரிக்கெட்தானே ஆடுவார்கள். மூன்றாவது கரை திரும்பும் இடத்தில் ஒரு வடைக்கடை. அந்த இடத்தில் மட்டும் வேகமாக நடப்பேன்.

சறுக்காமல் இல்லை. போன தீபாவளிக்கு ஒரே நாளில் ஏழு அதிரசம். அதை யாரிடமும் சொன்னதில்லை. மெஷின் 82.4 காட்டியது. உப்பும் இனிப்புமாகத் தின்றால் உடம்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அத்தனையும் கொழுப்பு இல்லை என்று தெரிந்தும் மனசு விட்டுப்போயிற்று. ஒன்பது மாதம் வாயைக் கட்டி என்ன கண்டோம் என்று 16 நாள் நடக்கப் போகவில்லை, நோட்டையும் திறக்கவில்லை. பழைய நீள நோட்டு ஒன்றில் நடந்த கரை, முட்டை, முட்டி வலி பத்துக்கு எத்தனை என்று எழுதி வருகிறேன். 17-ஆம் நாள் எதற்கோ பேனா தேடும்போது அது கையில் தட்டுப்பட்டது. பதினாறு வரி காலி. பள்ளிக்கூடத்தில் லீவு விட்டால் என்ன செய்வேன்? சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு, மேலே 'விடுமுறை' என்று எழுதிவிட்டு, திறக்கிற நாளின் தேதியை அடுத்த வரியில் போடுவேன். அதே மாதிரி போட்டேன். மறுநாள் ஒரு கரை மட்டும் நடந்தேன்.

இப்போது எடை பார்ப்பது மாதம் ஒரு தடவைதான், ஒன்றாம் தேதி காலையில், காபிக்கு முன்னால். நடுவில் மெஷின் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். மற்ற நாளுக்கு வேறு கணக்கு இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்து 30 விநாடியில் எத்தனை தடவை எழுகிறேன் என்று அப்பா எண்ணுவார். ஆரம்பத்தில் ஆறு. என் வயதுக்குப் பதினொன்றாவது வேண்டும் என்றார் பிசியோ. போன மாதம் பன்னிரண்டு. அப்பா பதினொன்று என்று சாதிக்கிறார், கடைசியில் எழுந்தது பாதியாம்.

இன்னொன்று, இதை உன்னிடம் சொன்னதே இல்லை. நாலைந்து வருஷமாக என் கால் நகத்தை அப்பாதான் வெட்டிவிடுவார். குனிந்தால் வயிறு இடிக்கும், முட்டியும் மடங்காது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரை விரித்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, என் காலைத் தன் மடியில் வைத்து வெட்டுவார். ஒரு முணுமுணுப்பு இல்லை. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் உடம்பு கூசும், யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாசி மாதம் ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது, திண்ணைப் படியில் உட்கார்ந்து காலை மேல் படியில் தூக்கி வைத்துப் பார்த்தேன். கை எட்டியது. கட்டை விரலில் ஆரம்பித்து பத்து விரலும் வெட்டினேன். சுண்டுவிரலில் கொஞ்சம் ரத்தம் வந்தது, பரவாயில்லை. மெட்டியைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து நானே மாட்டிக்கொண்டேன். அப்போது எடை 80-க்குக் கொஞ்சம் மேலே. நீ "எவ்வளவும்மா" என்று கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். ஆனால் கிலோவுக்குள் இது எங்கே அடங்கும் என்று தெரியாமல் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டேன்.

நீ பிரசவம் முடிந்து மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறைத்தாய். உன் வயசு 38. எனக்கு 65, சதை வருஷா வருஷம் தானாகத் தேய்கிற வயசு, அதைக் காப்பாற்றிக்கொண்டே கொழுப்பைக் கரைக்கவேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை கேள்வியை மாற்றிக்கொள். எத்தனை கரை நடந்தாய், முட்டி எப்படி இருக்கிறது, அப்பாவோடு என்ன சண்டை என்று கேள். எடையை ஒன்றாம் தேதி நானே சொல்கிறேன். குரூப்பில் மட்டும் போடாதே. சின்ன அத்தையிடம் உண்மையை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன், நீ அவசரப்பட்டு எதுவும் சொல்லிவிடாதே.

டாக்டர் கேட்ட எட்டில் இன்னும் 200 கிராம் பாக்கி. ஆபரேஷனைப் பற்றி அவர் இப்போதைக்குப் பேச்செடுக்கவில்லை. பேரனுக்கு முத்தம். எள்ளுருண்டை கேட்டிருந்தாய், வருகிற ஆள் யாரிடமாவது கொடுத்து விடுகிறேன், ருசி பார்த்தது ஒன்றே ஒன்றுதான்.

30.6.2025 முடிய இருப்பு 78.4. புளூடூத்தைப் போட்டுவிட்டேன். ஆனாலும் தணிக்கை என்றால் நேரில் வந்து பார்ப்பதுதான் முறை. சொல்லாமலே வரலாம்.

அம்மா