நோர்ட்லிங்கன் ஊராருக்கு எங்கள் பிள்ளைகளின் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். தெற்கு ஜெர்மனியில் சனிக்கிழமைதோறும் எங்களிடம் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளை இந்தக் கோடையில் பவேரியாவின் நோர்ட்லிங்கனுக்கு அழைத்துப் போனோம். ஒரு சிறிய ஊரை நன்றாகப் பார்த்து, அதன் நிலத்தையும் வரலாற்றையும் தமிழில் எழுத வேண்டும் என்பது திட்டம். அதற்குத் துணைநின்ற எல்லோருக்கும் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டீர்கள். படிக்கும்போதே யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற அந்த நிலவியல் ஆசிரியருக்கு. ஊருக்குள் போகுமுன் வெளியே நின்று நிலத்தைப் பார்க்கச் சொன்னீர்கள் ஐயா. விளிம்பு உயர்ந்த தாம்பாளம் போலக் கிடக்கிறது ரீஸ் சமவெளி. குறுக்களவு சுமார் 25 கிலோமீட்டர், உள்ளே வயல்கள், சுற்றிலும் காட்டுக் குன்றுகள். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், சுமார் ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் விழுந்து உண்டான பள்ளம் அது. பிறகு அதில் நீர் தேங்கி ஏரியாகி, வண்டல் படிந்து மேடேறியது. இதை வெகுகாலம் எரிமலையின் வேலை என்றே நம்பியிருந்தார்கள். 1960-இல் அமெரிக்க நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கர் இங்குள்ள ஓட்டிங் கல்குவாரியில் எடுத்த கல்லில் கோயசைட் என்ற தாது இருப்பதை அவரும் சக அறிஞர் எட்வர்ட் சாவோவும் கண்டார்கள். மணலில் உள்ள சாதாரண குவார்ட்ஸ் தாது அப்படி மாற வேண்டுமானால் பயங்கரமான அழுத்தம் வேண்டும், எரிமலையால் அதைத் தர முடியாது. இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி நீங்கள் பொறுமையாகச் சொன்ன விதம் எனக்கே ஒரு பாடம்.

அந்த மோதலில் பிறந்த கல்லின் பெயர் சூவேவிட். உள்ளே கண்ணாடித் துண்டுகள், சிதறிய பாறைத் துணுக்குகள், கண்ணுக்குத் தெரியாத பொடி வைரங்கள்கூட. ஊர் நடுவில் நிற்கும் புனித கியோர்க் தேவாலயத்தை அந்தக் கல்லால்தான் கட்டியிருக்கிறார்கள். 1427-இல் தொடங்கிய வேலை 1505 வரை நடந்தது. கல் எப்படி உண்டானது என்று அன்றைய கொத்தர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. பிள்ளைகள் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபோது தடுக்காமல் அருகில் நின்று விளக்கிய ஆலயப் பணியாளருக்கு எங்கள் அன்பு.

90 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு ஊரார் வைத்த பெயர் தானியேல். 350 படிகள். பாதியில் மூச்சு வாங்கிய சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே வந்த அந்த இளைஞருக்குத் தனியாக ஒரு நன்றி, தம்பி. மேலிருந்து பார்த்தபோதுதான் வட்டமான ஊர், அதைச் சுற்றி மதில், அதற்கும் அப்பால் பள்ளத்தின் விளிம்பு எல்லாம் ஒரே பார்வையில் விளங்கின.

இரவு பத்து மணிக்குக் கோபுரக் காவலர் கூவுவதைக் கேட்க எங்களுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்த விடுதி அம்மாவையும் மறக்க மாட்டோம். 1440-இல் காவலர்கள் கைக்கூலி வாங்கிக்கொண்டு கோட்டைக் கதவைப் பூட்டாமல் விட்டதையும், ஒரு பன்றி அதில் உடம்பைத் தேய்த்ததால் குட்டு வெளிப்பட்டதையும் அந்த அம்மா நடித்தே காட்டினார். அந்தக் கூவல் பிறந்ததற்கு ஊரார் வழிவழியாகச் சொல்லி வரும் கதைதான். ஆனால் பிள்ளைகளின் கட்டுரைகளில் அதிக இடம் பிடித்தது அந்தப் பன்றிதான்!

2.7 கிலோமீட்டர் மதிலையும் எங்களோடு சுற்றி நடந்த வழிகாட்டி அக்காவுக்கு நன்றி. முப்பதாண்டுப் போரில் 1634-இல் நடந்த முற்றுகையையும் பசியையும் நோயையும் மறைக்காமல் சொன்னீர்கள். அந்தச் செப்டம்பரில் ஊரை மீட்க வந்த சுவீடன் படை ஊருக்கு வெளியே தோற்றது, ஊர் பணிந்தது, செழிப்பும் போனது. இன்று நாம் ரசிக்கும் பழைய வீடுகள் தப்பி நிற்பதற்கு அந்த வறுமையும் ஒரு காரணம் என்று நீங்கள் சொன்னபோது பெரிய பிள்ளைகள் பேச்சற்றுப் போனார்கள். பிள்ளைகளிடம் இப்படி நேர்மையாகப் பேசுபவர்கள் குறைவு.

ரீஸ் விண்கல் அருங்காட்சியகத்தில் நிலாக்கல்லைக் காட்டியவர்களுக்கும் நன்றி. நிலவுக்குப் போகுமுன் அப்பல்லோ 14 வீரர்கள் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் 1970 ஆகஸ்டில் இங்கே வந்து பாறைகளை அடையாளம் காணப் பழகினார்கள் என்று கேட்டதும், எங்கள் பையன்கள் எல்லோரும் உடனே கல்குவாரிக்குப் போகலாம் என்றார்கள்.

அப்புறம், கார் ஓட்டிய அப்பாக்கள், விடியுமுன் எழுந்து புளிச்சாதம் கட்டிக்கொடுத்த அம்மாக்கள். உங்களை விட்டுவிட்டு இந்த மடல் எப்படி முடியும்?

பிள்ளைகள் எழுதியவற்றை ஜெர்மன் சுருக்கத்தோடு சிறு நூலாக்குகிறோம். அச்சானதும் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு படி வரும். கல் பற்றிய கேள்விகள் இன்னும் நிறைய மிச்சம் இருப்பதால், ஐயா, உங்களுக்கு மட்டும் கூடவே ஒரு தனிக் கடிதமும் வரும்.

மிக்க நன்றியுடன்,
பிள்ளைகள் சார்பில், அவர்களின் தமிழ் ஆசிரியை