ஐந்தாம் நாளில் முடிந்துபோகும் காப்பீடு

பெறுநர்: மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாகத்தினர் மற்றும் அவற்றை நெறிப்படுத்தும் ஆணையங்கள்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். போதை மீட்பு வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றிய செவிலியர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். நெடுங்காலம் குடித்துவந்த ஒருவர் திடீரென நிறுத்தினால், இரண்டாம் மூன்றாம் நாளில் கைநடுக்கம் முற்றி, போர்வையில் இல்லாத எறும்புகளைப் பொறுக்கத் தொடங்கலாம்; கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இந்தக் கட்டத்துக்கு உங்கள் பாலிசிகளில் சில பணம் தருகின்றன. நடுக்கம் அடங்கிய ஐந்தாம் நாளில், ‘மேற்கொண்டு சிகிச்சைக்கு மருத்துவ அவசியம் இல்லை’ என்று ஒற்றை வரியில் கடிதம் வந்துவிடும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் மூன்றாம் முறையாகச் சேர்ந்திருக்கும் எதிர் வார்டுக்காரரிடம், பத்தியம் இருந்தீர்களா என்று கேட்டு யாரும் கிளைமை நிறுத்துவதில்லை. நிறுத்தவும் கூடாது.

உண்மையில் சிகிச்சை தொடங்குவதே அந்த ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான். ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளில், அதாவது அபின் வகைப் போதைப்பொருள்களில், இது இன்னும் கொடுமையானது. சில நாள்கள் நிறுத்தியதுமே உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுவதால், வீடு திரும்பியவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகக்கூடும். ஆகவே, போதையை இறக்குவதற்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, போதை ஏக்கத்தைக் கட்டுப்படுத்தும் மெதடோன், புப்ரெனார்பின் போன்ற தொடர் மருந்துகளுக்குக் கைவிரிக்கும் பாலிசி, நோயாளியை முன்பிருந்ததைவிடப் பெரிய ஆபத்தில் கொண்டு நிறுத்துகிறது. இவ்விரு மருந்துகளையும் உலக சுகாதார அமைப்பு 2005-லேயே அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

‘தானே தேடிக்கொண்ட நோய்’ என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். புகைபிடித்தவரின் மாரடைப்புக்கு இந்தக் கணக்கை நீங்கள் பார்ப்பதில்லையே! ‘மறுபடியும் குடிக்கத்தானே போகிறார்’ என்பது இன்னொன்று. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரை, போதை நோய் திரும்பும் விகிதம் 40 முதல் 60 சதவீதம் என்றும், இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றில் அது 50 முதல் 70 சதவீதம் என்றும் ஒப்பிட்டுக் காட்டியது.

அமெரிக்காவில் 2008-ல் நிறைவேறிய சமநிலைச் சட்டம், போதை சிகிச்சைக்கு நோயாளி கைப்பணமாகக் கட்டும் தொகை, அனுமதிக்கப்படும் நாள்கள், முன் அனுமதி விதிகள் ஆகியவை பிற நோய்களுக்கு இருப்பதைவிடக் கடுமையாக இருக்கக் கூடாது என்றது. ஆனால் போதை சிகிச்சைக்குக் காப்பீடு தந்தே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்த ஓட்டையைப் பெருமளவு அடைக்க 2010-ல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. ஆகவே, சமம் என்று பொதுவாக எழுதிவைத்தால் போதாது என்பதைத் தயவுசெய்து கவனத்தில் கொள்ளுங்கள்.

பாலிசிகளிலுள்ள போதை நோய் விலக்குப் பிரிவை நீக்குங்கள். எத்தனை நாள் சிகிச்சை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். தொடர் மருந்தும் ஆலோசனையும் அதில் அடங்கட்டும். ஒரு கிளைமை மறுக்கும்போது, அதே விதி சர்க்கரை நோயாளிக்கும் எவ்வாறு பொருந்துகிறது என்பதை அந்த மறுப்புக் கடிதத்திலேயே எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்