ஆரூடமும் கணிப்பும் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பெய்தால் 'வானிலைக் கணிப்பு', பெய்யாமல் ஏமாற்றினால் 'பொய்த்துப்போன ஆரூடம்'. உங்கள் பத்திரிகையை மட்டும் சொல்லவில்லை, எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஆரூடம் என்ற வடசொல்லுக்கு 'ஏறியது' என்று பொருள். ஜாதகம் கையில் இல்லாதவர் வந்து, தொலைந்த பொருள் கிடைக்குமா, போனவர் திரும்புவாரா என்று கேட்டால், கேட்ட நேரத்தையும் அவர் தொட்ட ராசியையும் வைத்துச் சொல்கிற பதில் அது. ஆகவே ஜாதகப் பலனைக்கூட ஆரூடம் என்று சொல்லிவிட முடியாது.

நம்மிடம் இதற்குச் சொல்லுக்கா பஞ்சம்? குறி, நிமித்தம், அப்புறம் இன்று யாரும் எடுத்து ஆளாத விரிச்சி. முல்லைப்பாட்டில் மாலை நேரத்தில் வயதான பெண்கள் ஊருக்கு வெளியே போய், நாழி நெல்லையும் முல்லைப் பூவையும் தூவிக் கைகூப்பி, காதில் என்ன விழும் என்று நிற்கிறார்கள். போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்பதுதான் கவலை. பக்கத்தில் ஒரு ஆயர் பெண், கட்டிப்போட்ட கன்று தவிப்பதைப் பார்த்து 'இன்னே வருகுவர் தாயர்' என்று அதைத் தேற்றுகிறாள். கன்றுக்குச் சொன்னதைத் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு போய்த் தலைவியிடம் சொல்கிறார்கள். அதுதான் விரிச்சி. எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது, ஆனால் அந்தக் காட்சியை மறக்க முடியவில்லை.

கணிப்பு அப்படியில்லை, அதில் கணக்கு இருக்கிறது. வானிலைத் துறை 'கனமழை' என்றால் ஒரே நாளில் 7 முதல் 11 செ.மீ. என்று அளவே உண்டு, மறுநாள் அளந்து பார்த்துத் தப்பு என்று சொல்லலாம். 2024 மக்களவைத் தேர்தலில் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களைத் தாண்டும் என்று பல கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் சொல்லி, கிடைத்தது 293. அதையும் ஆரூடம் என்று எழுதினால் கணக்கில் எங்கே கோட்டைவிட்டார்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை, ஜோசியம் பலிக்கவில்லை என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

இலங்கைத் தமிழர்கள் 'எதிர்வுகூறல்' என்கிறார்கள். காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனாலும் குழப்பம் இல்லை. அது வேண்டாம் என்றால் சரி, முன்னறிவிப்பு இருக்கவே இருக்கிறது. கூட்டணி பற்றிக் கேட்டதும் 'நான் ஆரூடம் சொல்ல விரும்பவில்லை' என்று நழுவுகிற தலைவர்கள் வேண்டுமானால் அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளட்டும், அவர்கள் வாயில் அது சரியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தினமும் படிக்கும் வாசகர்