சாவியைத் திருப்பிக் கொடுத்த தோழிக்கு

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்றைக்குத்தான் விட்டார். முதல் வேலையாக உனக்கு எழுதுகிறேன்.

'அறைச் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். இனி நான் ஆசிரியையே இல்லை என்று தோன்றியது' என்று எழுதியிருந்தாய். அந்த வரி என்னை விடவே இல்லை. கண்ணைக் கட்டிப் படுத்திருந்த நாட்களில் பேத்தி எனக்குப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றை வாசித்துக் காட்டினாள். கேட்கக் கேட்க உன் சாவிதான் ஞாபகம் வந்தது.

ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று இத்தாலியில் உள்ள பொலோஞாவைச் சொல்வார்கள். அது தொடங்கியது 1088-ல் என்பது மரபு. ஆனால் அதற்கென்று ஒரு பெரிய கட்டடம் எழும்பியது 1563-ல்தான்! அதுவரை ஆசிரியர்கள் சொந்த வீட்டிலும் வாடகை அறையிலும் பாடம் நடத்தினார்கள். பாரிஸில் மாணவர்கள் தரையில் வைக்கோல் பரப்பி உட்கார்ந்து படித்த தெருவுக்கு 'வைக்கோல் தெரு' என்றே பெயர். 'யூனிவர்சிட்டாஸ்' என்ற லத்தீன் சொல்லும் இடத்தைக் குறித்ததில்லை. சங்கம் என்றுதான் பொருள். கைத்தொழில்காரர்கள் சேர்ந்து வைத்த சங்கத்துக்கும் அதே பெயர்தான்.

பொலோஞாவில் அந்தச் சங்கத்தை வைத்தவர்கள் மாணவர்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அந்த நகரத்தில் எந்த உரிமையும் இல்லை. ஊர்க்காரன் ஒருவன் பட்ட கடனை அதே ஊரிலிருந்து வந்த மாணவனிடம் வசூலிப்பார்கள். 1158-ல் பேரரசர் பிரெட்ரிக் பார்பரோசா அதைத் தடுத்து ஆணை போட வேண்டியிருந்தது. ஒன்றுசேர்ந்த பிறகு மாணவர்கள் ஆசிரியர்களுக்கே சட்டம் போட்டார்கள். மணி அடித்ததும் பாடம் ஆரம்பிக்க வேண்டும். கஷ்டமான பகுதியைத் தாண்டிப் போகக் கூடாது. ஐந்து பேராவது கேட்க வராவிட்டால் ஆசிரியர் வராததாகவே கணக்கு, அபராதம் உண்டு. ஊரைவிட்டுப் போகவேண்டும் என்றால் பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும். எனக்கு இது கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது. ஆனாலும் பாடம் நடப்பது படிப்பவனுக்காக என்பதை அவர்கள் ஒரு நாளும் மறக்கவில்லை.

கட்டடம் இல்லாததே அவர்களுக்குப் பலம். மனம் கசந்தால் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். 1222-ல் பொலோஞாவிலிருந்து அப்படிப் போனவர்களால் பாதுவா நகரத்துப் பல்கலைக்கழகம் உருவானது. 1209-ல் ஆக்ஸ்போர்டு நகரத்தார் மாணவர்களைத் தூக்கிலிட்டபோது அங்கிருந்து கிளம்பியவர்கள்தான் கேம்பிரிட்ஜைத் தொடங்கினார்கள்.

கல்லூரி அப்புறம் வந்தது, அதுவும் விடுதியாக. 1257-ல் ரோபர் த சோர்போன் ஏழை இறையியல் மாணவர்கள் தங்கிப் படிக்க ஏற்படுத்தியதுதான் பாரிஸின் சோர்போன். தங்க வந்த இடத்திலேயே மெல்ல மெல்லப் பாடமும் தொடங்கிவிட்டது.

1836-ல் சாசனம் பெற்ற லண்டன் பல்கலைக்கழகத்தைப் பற்றி என் மனசு இரண்டுபட்டிருக்கிறது. அது பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் மட்டும் கொடுத்தது. 1858-லிருந்து எங்கே படித்தவரும் தேர்வு எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கற்பிப்பது ஓரிடம், சோதிப்பது வேறிடம் என்று பிரிந்ததும் தேர்வே படிப்பாகிவிட்டது. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் வந்ததும் அந்த அச்சில்தான். 1810-ல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்தின் வழியே எனக்குப் பிடித்தது. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து புதிதாய்த் தேடவேண்டும் என்பது அதை உருவாக்கிய ஹம்போல்ட்டின் எண்ணம். நீ உன் ஆய்வு மாணவிகளோடு ராத்திரி வரை உட்கார்ந்திருந்தது அதுதானே?

ஒரு விஷயம் மட்டும் ஆறவே மாட்டேன் என்கிறது. இன்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிர்ட்டன் கல்லூரி பெண்களுக்காகத் தொடங்கியது 1869-ல். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-ல். எழுபத்தொன்பது வருஷம், வசந்தா! வாசித்துக்கொண்டிருந்த பேத்தி அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சரி, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய்: சனிக்கிழமைதோறும் இரண்டு பெண்கள் சந்தேகம் கேட்க வீட்டுக்கு வருகிறார்கள் என்று. நான் அதையே இரண்டு தடவை வாசித்தேன். அவர்கள் என்ன படிக்கிறார்கள்? எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்? அடுத்த கடிதத்தில் அதைப் பற்றியே எழுது.

உன்,
கமலா