பரண்ல இருந்து இறங்குன கயிறு

டேய் மாப்ள,

திட்டாத. நாலு மாசமா பதில் போடலைன்னு எனக்கே தெரியும். உன் மெயில தெனம் ஒரு தடவ தெறந்து பாத்துட்டு மூடி வெச்சுடுவேன். எல்லாரும் சௌக்கியம். உன் தங்கச்சிக்கு முட்டி வலி குறைஞ்சிருக்கு, ஆனா குறைஞ்சிருக்குன்னு சொன்னா நான் கடைக்கு அனுப்பிடுவேன்னு சொல்ல மாட்டேங்குறா. சின்னவன் வேலை மாத்திட்டான். நம்ம கூட்டாளி கால்குலேட்டர் கண் ஆபரேஷன் பண்ணிட்டு கருப்புக் கண்ணாடியோட அலையறான், போன வாரம் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், "யார்றா நீ"ன்னு கேட்டான், அதே ஆள்தான் மாறவே இல்ல.

விஷயத்துக்கு வரேன். டிட்வா புயல் அங்க நியூஸ்ல வந்துச்சான்னு தெரியல, வந்திருந்தா இலங்கைய காட்டிருப்பான், அங்க நடந்தது பெரிய கொடுமை. அது கரைய உரசிக்கிட்டே வடக்கால போனப்ப நம்ம பக்கம் கொட்டித் தீத்துருச்சு. நவம்பர் கடைசி. சம்பா நட்டு அம்பது நாள் பயிரு. மேட்டு ஆறு மா தப்பிச்சுது (மறந்திருப்ப, மூணு மா சேந்தா ஒரு ஏக்கர்). பள்ளத்து மூணு மா ஒம்போது நாள் தண்ணிக்குள்ள. வடிகால்ல ஆகாயத்தாமரை அடைச்சுக்கிட்டு தண்ணி போக வழியே இல்ல, நானும் கோவிந்து மகனும் இடுப்பளவு தண்ணில நின்னு இழுத்துப் போட்டோம், இழுக்க இழுக்க மேல இருந்து வந்துக்கிட்டே இருந்துச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் ஒரு தூரை புடிச்சு இழுத்தேன் பாரு, வேரு கையோட வழுக்கிக்கிட்டு வந்துருச்சு, ஊறப்போட்டு மறந்த சணல் மாதிரி ஒரு நாத்தம். மூணு நாள் சோறு எறங்கல. இது பொலம்பல் இல்ல, அறுபத்தோரு வயசுல வயக்காட்டுல நின்னு மூக்க சிந்துனேன்னு உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்.

இனிமேதான் கதை. எல்லாரும் சொன்னாங்க, "சார் நீங்க இன்சூரன்ஸ் கட்டிருக்கீங்கள்ல, கவலை என்ன." கட்டிருக்கேன். ஏக்கருக்கு ஐநூத்தி சொச்சம், அடங்கல், அதான் எந்த நிலத்துல என்ன பயிருன்னு வி.ஏ.ஓ. தர்ற சான்று, அத வாங்கி பொது சேவை மையத்துல வரிசைல நின்னு நவம்பர் பாதிக்குள்ள கட்டியாச்சு. ஆனா எனக்குத் தெரியாதா மாப்ள, முப்பத்திரண்டு வருஷம் நான் பண்ண வேலையே அதானே. இந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துல என் வயல்னு ஒண்ணு கிடையாது. வருவாய் கிராமம்தான் ஒரு யூனிட்டு. கிராமத்துக்கு நாலு இடம், ரேண்டம் நம்பர் போட்டு சர்வே நம்பர் எடுத்து, அந்த வயல்ல அஞ்சுக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி, அதுக்குள்ள இருக்கறத மட்டும் அறுத்து அடிச்சு தூத்தி எடை போட்டு ஏக்கர் கணக்குக்கு மாத்துறது. நாலோட சராசரிதான் ஊரோட விளைச்சல். ஊரு விளைஞ்சா நீயும் விளைஞ்ச, ஊரு அழுதா நீயும் அழுத.

ரெண்டு வாரம் முன்னாடி பசங்க வந்தாங்க. என்ன அடையாளம் தெரிஞ்சு "ஐயா வணக்கம்"னாங்க, ஒருத்தன் கைல போன், எல்லாம் இப்ப ஆப்புலதான், நின்ன இடம் முதல்கொண்டு பதிவாகுது. நாலு நம்பர்ல மூணு நம்பர் மேட்டுல விழுந்துச்சு. சத்தியமா சொல்றேன் ஒரு தில்லுமுல்லும் இல்ல, நான் பக்கத்துலயே நின்னேன், பசங்க சுத்தம். வடக்குத் தெரு அண்ணாச்சி வயல்ல பன்னெண்டு கிலோ முந்நூறு கிராம் எடை வந்துச்சு. மனசுக்குள்ளயே நூத்தி அறுபத்திரண்டால பெருக்கிட்டேன், பழக்கதோஷம், ஏக்கருக்கு ரெண்டாயிரம் கிலோ கிட்ட. காய்ச்சல் கழிவு போக கொஞ்சம் குறையும். எனக்கு வயிறு கலங்கிருச்சு. ஏன்னு சொல்றேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. விடியக்காலம் எந்திரிச்சு பரண்ல ஏறி என் பழைய கயிற எடுத்தேன். ரிட்டயர் ஆனப்ப மத்தத எல்லாம் ஒப்படைச்சேன், அந்த கயிறு மட்டும் என் சொந்த காசுல வாங்குனது. நாலு முளை, கயிறு, பொண்ணு கல்யாணத்துக்கு வாங்குன தொங்கு தராசு. பள்ளத்து வயல்ல போய் நானே இருவத்தஞ்சு சதுர மீட்டர் கட்டுனேன். எவனும் பாக்கலைன்னு நெனச்சேன், பாத்தா அண்டைல உன் தங்கச்சி டீ தம்ளரோட நிக்கிறா. "யாருக்கு கணக்கு எழுதப் போறீங்க"ன்னா. பதில் சொல்லல. அறுத்தேன், தார்ப்பாய்ல அடிச்சேன், பதர தூத்துனேன். நாலு கிலோ நூறு. அதாவது ஏக்கருக்கு அறுநூத்தி அறுபது கிலோ. முன்னெல்லாம் அதே வயல்ல பதினாலு பதினஞ்சு கிலோவுக்கு குறைஞ்சு நான் பாத்ததே இல்ல. ரொம்ப நேரம் தராசு முள்ளையே பாத்துக்கிட்டு நின்னேன்டா.

சரி, இழப்பீடு எப்படி வரும்னு கேப்ப. கடைசி ஏழு வருஷத்துல நல்லா விளைஞ்ச அஞ்ச எடுத்து சராசரி போட்டு, அதுல எம்பது சதவீதம்னு வெச்சுக்க, அதுதான் உத்தரவாத மகசூல். இந்த வருஷம் ஊரு சராசரி அதுக்கு கீழ போனா, எவ்வளவு போச்சோ அந்த விகிதத்துல பணம். கணக்குக்கு சொல்றேன், சராசரி 2400 கிலோன்னா உத்தரவாதம் 1920. ஊருல 1950 வந்துச்சுன்னா சைபர். எனக்கும் சைபர், முழுசா மூழ்குனவனுக்கும் சைபர்.

இந்த அஞ்சு-ஏழு கணக்க நான் எவ்வளவு பேருக்கு விளக்கிருக்கேன். ரெண்டு கெட்ட வருஷத்த தூக்கிடறாங்கம்மா, நியாயமான முறைன்னு. ரெண்டு! எண்ணிப் பாரு. 2016ல வடகிழக்கு பருவமழையே பொய்ச்சுப் போச்சு, அப்படி ஒரு வறட்சி நம்ம அப்பாமாரே பாத்ததில்ல. 2018 நவம்பர் 16 கஜா. 2020ல நிவர், புரெவி, அது பத்தாதுன்னு 2021 பொங்கலுக்கு மழை, அறுக்க வேண்டிய கதிர் வயல்லயே முளை விட்டுச்சு. 2023 பிப்ரவரில மறுபடி அறுவடை நேரத்து மழை. அதே வருஷம் மேட்டூர்ல தண்ணி இல்லாம குறுவை காஞ்சுது. ஏழு வருஷத்துக்கு ரெண்டு கெட்டதுன்னு கணக்குப் போட்டவன் எந்த வானத்த பாத்து போட்டான்? மூணாவது நாலாவது கெட்ட வருஷம் "நல்ல அஞ்சு"க்குள்ள போய் உக்காந்துக்குது. சராசரி எறங்குது, உத்தரவாதமும் எறங்குது. 2400 இருந்தது 2000 ஆனா 1600க்கு கீழ போனாதான் காசு. அதாவது எவ்வளவுக்கெவ்வளவு அடி வாங்குறமோ அவ்வளவுக்கவ்வளவு "உனக்கு இதான் வழக்கம்"னு ஆயிடுது. முப்பத்திரண்டு வருஷம் கயிறு கட்டுனவனுக்கு இது இப்ப, சொந்த வயலு அழுகுனப்புறம்தான் உறைக்குது. நம்ம புரொபசர் கிளாஸ்ல "சராசரி ஆழம் மூணடி"ன்னு ஒரு ஆத்த தாண்டச் சொன்னாரே, யாரு எந்திரிச்சு "நான் தாண்டுவேன் சார்"னான் ஞாபகம் இருக்கா?

இன்னொரு கூத்து. தனித்தனி வயலுக்கு பாக்கறதுக்கும் திட்டத்துல ஒரு வழி இருக்கு, ஆலங்கட்டி, நிலச்சரிவு, மேகவெடிப்பு, வெள்ளம் தேங்குறது, 72 மணி நேரத்துக்குள்ள சொன்னா வந்து பாக்கணும். ஆனா நெல்லுக்கு தண்ணி தேங்குறத 2018லயே எடுத்துட்டாங்க. நெல்லு தண்ணில வளர்ற பயிராம், மூழ்குனத மதிப்பிடறது கஷ்டமாம், ஆளுங்க ஏமாத்துவாங்களாம். கஜா வந்த அதே வருஷம். இப்ப 2025 நவம்பர்ல, எங்க வயல் மூழ்கறதுக்கு பத்து நாள் முன்னாடி, திரும்ப சேக்குறோம்னு அறிவிச்சாங்க, காரிஃப் 2026, அதாவது ஜூன் வாக்குல ஆரம்பிக்கிற சாகுபடி பட்டத்துல இருந்து. அறிவிப்பு பேப்பர்ல வந்தன்னைக்கு நான் கோவிந்து மகன்கிட்ட பெருமையா படிச்சுக் காட்டுனேன். எனக்கு ஒரு பட்டம் லேட்டு.

கோவிந்து மகன் கதைதான் இன்னும் மோசம். வாய்வார்த்தை குத்தகை, எழுத்து கிடையாது, அடங்கல்ல ஓனர் பேரு. ஓனர் சென்னைல. அரசு நிவாரணம் 33 சதவீதமோ அதுக்கு மேலயோ சேதம்னா குடுப்பாங்க, 2023ல ஹெக்டேருக்கு இருவதாயிரம் குடுத்தாங்க, அதுவும் ஓனர் அக்கவுண்டுக்குத்தான் போச்சு, அந்த மனுஷன் "பாப்போம்"னாரு, இன்னும் பாத்துக்கிட்டிருக்காரு. இதெல்லாம் சொல்லிக்கிட்டே போனா கடிதம் கல்கத்தாவுக்கு போயிரும், விடு.

நீ எழுதிருந்தியே உன் வீட்டு இன்சூரன்ஸ் புதுப்பிக்க மாட்டேன்னுட்டான்னு, மலையடிவாரம், காட்டுத் தீ வரும்னு. வேற எந்த கம்பெனியும் சேத்துக்காதவங்களுக்கு கடைசி புகலிடம் அந்த ஃபேர் பிளான்தான், பிரீமியம் மூணு மடங்குன்னு. அப்ப நான் உள்ளுக்குள்ள சிரிச்சேன், மன்னிச்சுக்க, அமெரிக்காகாரனுக்கும் இப்படியான்னு. அப்புறம் நீ அனுப்புனத ஒக்காந்து படிச்சேன். உங்க கலிபோர்னியாவுல 1988ல ஓட்டு போட்டு கொண்டாந்த சட்டம், அதை ஒட்டி வந்த விதில பேரிடர் நஷ்டத்த குறைஞ்சது இருவது வருஷ சராசரிய வெச்சுதான் கட்டணத்துல சேக்கணும், வரப்போற தீய மாடல் போட்டு கணக்கு பண்ணக்கூடாதுன்னு இருந்துச்சாமே. 2024 கடைசிலதான் அதை தளர்த்துனாங்க, அடுத்த மாசமே, 2025 ஜனவரில லாஸ் ஏஞ்சல்ஸ் எரிஞ்சுது, ஃபேர் பிளான் காசு பத்தாம மத்த கம்பெனிங்ககிட்ட நூறு கோடி டாலர் வசூல் பண்ண வேண்டியதாப் போச்சு. உங்களுக்கு இருவது, எங்களுக்கு ஏழு. ரெண்டு பேரும் பின்கண்ணாடிய பாத்துக்கிட்டே வண்டி ஓட்டுறோம்.

ஆனா முன்னாடி பாத்து ஓட்டுனா மட்டும்? இத யோசிச்சுத்தான் எனக்கு தூக்கம் போச்சு. இனி வரப்போறத வெச்சு கணக்கு போட்டா பிரீமியம் எகிறும். உங்க ஊருல அத நீ கட்டணும், கட்ட முடியலன்னா வீட்ட விக்கணும். இங்க சம்பாவுக்கு விவசாயி காப்பீட்டுத் தொகைல ஒண்ணரை சதவீதத்துக்கு மேல கட்ட வேண்டாம், மிச்சத்த மத்தியும் மாநிலமும் ஆளுக்குப் பாதி. ஆனா 2020ல மத்திய அரசு, பாசனப் பகுதில 25 சதவீத பிரீமியத்துக்கு மேல என் பங்கு இல்லன்னு ஒதுங்கிக்கிச்சு. அதுக்கு மேல போனா மாநிலம் தலைல. பீகார் 2018லயே வெளிய வந்துருச்சு, குஜராத் 2020ல. அதிகமா மூழ்குற ஊருக்குத்தான் பிரீமியம் அதிகம், அதிகமா மூழ்குற ஊரதான் எல்லாரும் கை கழுவப் பாப்பாங்க. உண்மையான வெலை தெரிஞ்சா எங்கள விட்டுட்டு ஓடுவாங்க, தெரியாம இருந்தா சைபர் வரும். எது பரவால்லன்னு சொல்லு, நீதான் இவ்வளவு நாள் ரிஸ்க்கு ரிஸ்க்குன்னு அதுலயே சம்பாதிச்சவன்.

சொல்ல மறந்துட்டேன், இதுல என் மடத்தனமும் இருக்கு. பள்ளத்துக்கு சிஆர் 1009 சப் 1 நெல் ரகம் போடுன்னு வேளாண்மை ஆபீஸ்ல சொன்னாங்க, ரெண்டு வாரம் கிட்ட மூழ்கிக் கெடந்தாலும் மறுபடி துளுத்துக்கும், அந்த குணம் ஒடிசா பக்கத்து பழைய நாட்டு நெல்லுல இருந்து எடுத்தது. நான் கேக்கல. வியாபாரி சன்ன ரகத்துக்கு மூட்டைக்கு கூட தர்றான்னு பிபிடி நட்டேன். பக்கத்து பள்ளத்துல சப் 1 போட்டவன் அரை விளைச்சலாவது எடுத்துட்டான். ஆக நான் கட்டுன இன்சூரன்ஸ விட அந்த வெத நெல்லு ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு.

ஒண்ணு சொல்லவா, யார்கிட்டயும் சொன்னதில்ல. சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு வருஷம், கோட்டூர் பக்கம், ஒரு வயசான அம்மா நான் எடை போடறப்ப கைய புடிச்சு "தம்பி, அரை கிலோ கம்மியா எழுதேன், ஊருக்கே புண்ணியமா போகும்"னாங்க. ரேண்டம் நம்பர் அவங்க மேட்டு வயல்ல விழுந்திருந்துச்சு, பள்ளத்துல இருந்ததெல்லாம் அழுகிக் கெடந்துச்சு. நான் கைய உதறிட்டு உள்ளத உள்ளபடி எழுதுனேன். வீட்டுக்கு வந்து உன் தங்கச்சிகிட்ட அத பெருமையா வேற சொன்னேன். இன்னைக்கும் நான் அப்படித்தான் எழுதுவேன்டா, வேற மாதிரி எழுதத் தெரியாது. ஆனா அன்னைக்கு அந்தம்மா காட்டுன பக்கம் திரும்பிக்கூட பாக்கல நான். ரெண்டு எட்டு வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

சரி போதும், கை வலிக்குது. இந்த கீபோர்டுல 'ழ' அடிக்கறதுக்குள்ள உசிரு போகுது. முடிவு வர மாசக்கணக்கு ஆகும், வந்ததும் எழுதுறேன், சைபர்னா ஒரு வரில எழுதுறேன். நீ ஒண்ணு பண்ணு. ஏழு வருஷத்துக்கு பதிலா போக்கையும் சேத்து கணக்கு பண்ற மாதிரி, ஒரு கிராம நிர்வாக அலுவலருக்கு புரியற மாதிரி, ஒரு பக்கத்துல ஃபார்முலா எழுதி அனுப்பு. கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துல மனு குடுக்கப் போறேன். கிண்டல் பண்ணாத. கால்குலேட்டரும் கையெழுத்து போடறேன்னான், கண்ணு தெரிஞ்சா.

கயிறு இன்னும் திண்ணைல ஆணிலதான் தொங்குது. பேரன் எடுத்து ஊஞ்சல் கட்டித் தாங்குறான், குடுக்கல.

உன்,
மூணடி ஆத்த தாண்டுனவன்